பிரேக் ஆயில் மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று இறங்குகிறதா?

"ஓட ஓட செட் ஆகிடும்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னால் நம்பாதீங்க சார். ஆயில் மாற்றும்போது பிரேக் லைனில் சிக்கிய காற்று ஓட்டுவதால் வெளியே வராது. வண்டியை ஓட்டாமல், அவர்களையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சோதனை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து முறை அழுத்துங்கள். அழுத்த அழுத்த மேலே வந்து இறுகினால் காற்றுதான். ஒரே அழுத்தாகப் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் பாகம்) சீல் பழுது, அல்லது எங்கோ கசிவு. பழைய வண்டியில் ப்ளீட் செய்யும்போது, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதித்தால், சிலிண்டருக்குள் துருப்பிடித்த பகுதியில் உரசி அந்த சீல் கிழிவதுண்டு.

காற்று என்றால் நாலு சக்கரத்திலும் மறுபடி ப்ளீட் செய்யச் சொல்லுங்கள். வரிசை மாடலுக்கு மாடல் மாறும்; சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி செய்யட்டும். அப்படியும் இறுகவில்லையென்றால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று இருக்கலாம். அதற்கு ஸ்கேனர் மாட்டி அந்த யூனிட்டின் பம்பை ஓடவிட்டு காற்றை எடுக்கணும், பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

பில்லையும் பாருங்கள். முழுசாக மாற்ற ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் தேவை. 250 மில்லி மட்டும் போட்டிருந்தால் மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் இருந்ததை உறிஞ்சி மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டப்பா மூடியில் டாட் 4 (DOT 4, ஆயிலின் வகை) என்றிருந்தால் அதுவே வேண்டும். சிலிக்கான் வகையான டாட் 5 கலக்கவே கூடாது.