புழுவின் ஆயுளும் அப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

உடம்பு தேய்வதுதான் மூப்பு என்று நினைத்திருந்தேன். அமெரிக்க உயிரியலாளர் சின்தியா கென்யன் ஒரே ஒரு மரபணுவை மாற்றிப் புழுவின் ஆயுளை இரண்டு மடங்காக்கினார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் குழம்பிவிட்டேன். தேய்வதை ஒரு மரபணு எப்படித் தடுக்கும்? என் அப்பாவுக்கு வயது 68. அவரும் அதைப் படித்துவிட்டு, இளமை திரும்பும் என்று விளம்பரம் வருகிற மாத்திரையை வாங்கிப் பார்க்கலாமா என்கிறார். என்ன சொல்வது?

சு.

அன்புள்ள சு.,

தேய்மானம் உண்மைதான். செல்லுக்குள் புரதங்கள் உருக்குலைகின்றன, டி.என்.ஏ. அடிபடுகிறது. ஆனால் அதைச் சரிசெய்கிற வேலையும் கூடவே நடக்கிறது. அந்த வேலையை எவ்வளவு மும்முரமாகச் செய்வது என்பது மரபணுக்களின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கென்யன் கைவைத்தது அந்தக் கட்டுப்பாட்டில்.

அவர் எடுத்துக்கொண்ட புழு சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, இரண்டு மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவரது குழு, டாஃப்-2 என்ற மரபணு பலவீனமாக இருந்த புழுக்களைக் கவனித்தது. சாதாரணப் புழுக்கள் கிழடாகி, தொட்டால் மட்டும் தலையை அசைத்துக் கிடக்கிற வயதில், இவை தட்டில் நன்றாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேல். 1993-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. சாவு தள்ளிப்போனதைவிட, முதுமையே தள்ளிப்போனது என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொன்றையும் அதே கட்டுரை சொன்னது. டாஃப்-16 என்ற மற்றொரு மரபணு கெட்டுப்போயிருந்தால் இந்த நீண்ட ஆயுள் கிடைப்பதில்லை. டாஃப்-2, இன்சுலின் ஏற்பியின் (இன்சுலின் கொண்டுவரும் செய்தியைச் செல்லின் மேல் வாங்கிக்கொள்ளும் புரதம்) உறவுக்கார மரபணு என்று கேரி ருவ்குன் என்ற மற்றொரு விஞ்ஞானியின் குழு 1997-இல் காட்டியதும் கதை தெளிவாயிற்று. சாப்பாடு தாராளமாக இருக்கும்போது இந்த ஏற்பி வழியாகச் செய்தி போய், டாஃப்-16 மரபணு தரும் புரதம், டி.என்.ஏ. இருக்கும் உட்கருவுக்குள் நுழையாமல் தடுக்கப்படுகிறது. செய்தி தணிந்தால் அது உள்ளே போய் டி.என்.ஏ.வில் அமர்ந்து, புரதங்களைச் சீராக்கும், நச்சு மூலக்கூறுகளை முறிக்கும், கிருமியை எதிர்க்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்தப் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டிவிட்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செல் முழுக்கப் பரவியிருந்த பச்சை, புழுவைப் பட்டினி போட்டாலோ சூடாக்கினாலோ ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் புள்ளியாகத் திரண்டுவிடும். உயிருள்ள புழுவுக்குள் மரபணுக் கட்டுப்பாடு நடப்பதை இப்படிப் பார்க்க முடிகிறதே, அதைவிட அழகான காட்சி உயிரியலில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

புழுவுக்கு எதற்கு இந்த ஏற்பாடு? சாப்பாடு குறைந்து கூட்டம் பெருகினால் இளம்புழு வளர்ச்சியை நிறுத்தி, வாய் அடைபட்டு, மாதக்கணக்கில் உண்ணாமல் காத்திருக்கும். நல்ல காலம் வந்ததும் வளரத் தொடங்கும். அந்தப் பஞ்சகாலப் பாதுகாப்பின் ஒரு பகுதியை வளர்ந்த புழுவிலும் இயக்க முடியும். டாஃப்-2-ஐ வளர்ந்த பிறகு மட்டும் அடக்கினாலே ஆயுள் நீளுகிறது என்று கென்யனின் ஆய்வகம் 2002-இல் காட்டியது.

சரி, அப்பாவின் மாத்திரைக்கு வருவோம். டாஃப்-16-க்கு இணையான ஃபாக்ஸோ மரபணுக்கள் நமக்கும் உண்டு. அவற்றில் ஃபாக்ஸோ-3-இன் ஒரு வடிவம், ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களில் நெடுநாள் வாழ்ந்தவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 2008-இல் தெரியவந்தது. ஆனால் எக்வடோரில் லாரான் குறைபாடு உள்ளவர்களைப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோனுக்கான ஏற்பி வேலை செய்யாததால், புழுவில் தணிந்தது போன்ற செய்தி இவர்கள் உடம்பிலும் தணிந்திருக்கிறது; குள்ளமாக இருக்கும் இவர்களுக்குப் புற்றுநோயும் நீரிழிவும் அபூர்வம். ஆயினும் இவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழ்வதாகக் காணவில்லை. ஆகவே புழுவின் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போடக்கூடாது.

மனிதனின் மூப்பைத் தள்ளிப்போடும் என்று முறையான சோதனையில் நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்று எதுவும் கிடையாது. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று உரிமையோடு சொல்லுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், வாங்குவதற்கு முன் அந்த விளம்பரத்தை அவருடைய டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.