வீட்டுக்குள் அலங்காரத்துக்கு வைக்கும் புரோமெலியாடில் புதுக் கலப்பினம் ஒன்றை நாமே உருவாக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். ஆய்வகம் எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கி ஒன்று, மெல்லிய தூரிகை, பெயர் எழுதிக் கட்ட அட்டைகள், அப்புறம் மூன்று நான்கு வருடம் காத்திருக்கிற மனசு இருந்தால் போதும். மகரந்தம் தடவுவதெல்லாம் சின்ன வேலை. பிறகு முளைத்து வரும் நூற்றுக்கணக்கான கன்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கப்போகிற செடி என்றால் அந்த முடிவையும் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் எந்தச் செடி என்று பார்ப்போம். அன்னாசியின் குடும்பம்தான் புரோமெலியாட். நர்சரியில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் நியோரெஜீலியா. ஆனால் அதன் நிறம் இலையில் இருக்கிறது, நல்ல வெளிச்சம் இருந்தால்தான் நிற்கும். செக்கச்செவேலென்று வாங்கி வந்த செடியை ஹால் மூலையில் வைத்தால் சில மாதங்களில் பச்சையாகி, இலை நீண்டு தொங்கிவிடும். வீட்டுக்குள் என்றால் நான் குஸ்மேனியா, விரீசியா பக்கம்தான் போகச் சொல்வேன். இவற்றில் நாம் பூ என்று நினைப்பது பூவடிச் செதில்களை, அதாவது பூவுக்கு அடியில் இருக்கும் நிறமேறிய இலைகளை. உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் நிஜப் பூ ஒரே நாளில் வாடிப்போகும், செதிலின் நிறமோ மாதக்கணக்கில் மங்காது. குஸ்மேனியாவையும் விரீசியாவையும் ஒன்றோடொன்று சேர்த்தே கலப்பினம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் குஸ்மேனியாவையும் நியோரெஜீலியாவையும் சேர்க்க முயலாதீர்கள், இரண்டும் வேறு வேறு துணைக்குடும்பம், உழைப்பு வீணாகும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு விரீசியா நல்லது. இந்தத் துறையே அதில்தான் கால் ஊன்றியது, பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எதுவார் மோரன் 1880-ஐ ஒட்டி விரீசியா சிட்டாசினாவையும் விரீசியா காரினேட்டாவையும் சேர்த்து எடுத்த 'மோரேனியானா' மிக ஆரம்பகாலக் கலப்பினங்களில் ஒன்று. இரண்டுமே பிரேசில் காட்டுச் செடிகள். இன்றும் பெல்ஜியமும் நெதர்லாந்தும்தான் இதில் முன்னால் நிற்கின்றன.

விரீசியாவின் பூங்கதிர் தட்டையாக இருக்கும், மஞ்சள் குழல் பூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நாளை விரியப்போகிற மொட்டைப் பார்த்தாலே தெரியும், செதிலைத் தாண்டி நீண்டு நிற்கும். அதை முந்தின நாள் மாலையோ விடியுமுன்போ இடுக்கியால் மெல்லப் பிரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் அவை வெடிக்கும் முன் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் தன் மகரந்தத்திலேயே விதை பிடித்துவிடக்கூடும், நீங்கள் கலப்பினம் என்று நினைத்து வளர்ப்பது அந்தத் தாய் ஒன்றின் வாரிசாக மட்டுமே இருக்கும். காலையில் சூலகமுடி (பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) ஈரமாகப் பளபளக்கும், அப்போது மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவி, தாய் பெயரை முன்னாலும் தந்தை பெயரைப் பின்னாலும் எழுதிக் கட்டுங்கள். செடி வெளியே இருந்தால் தேன்சிட்டும் எறும்பும் வராமல் மெல்லிய துணியால் மூடிவிட வேண்டும்.

காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். பழுப்பேறியதும் வலைத்துணி கட்டிவிடுங்கள், வெடித்தால் எருக்கு விதை மாதிரி பஞ்சோடு பறந்துவிடும். விதையின் உயிர்ப்பு சீக்கிரம் குறையும், அதனால் உடனே விதைக்க வேண்டும். ஈரமான தேங்காய் நார்த்தூளின் மேல் தூவினால் போதும், மண்ணால் மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூஞ்சணம் வந்தால் கைக்கு வருகிற செப்பு மருந்தைத் தெளித்துவிடாதீர்கள், புரோமெலியாடுக்குச் செப்பு விஷம்.

வரிக்கோடு இலை ஆசை இருந்தால் ஒரு விஷயம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய் வழியாகவே வருகிறது, ஆகவே விதை தாங்கும் செடியில்தான் கோடு இருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் பல கன்றுகள் பச்சையமே இல்லாமல் வெள்ளையாக முளைத்துச் சாகும், அதற்குத் தயாராக இருங்கள்.

கன்று வளர்ந்த பிறகும் பூக்க அடம்பிடிக்கும். அன்னாசித் தோட்டத்தில் எத்திலீன் வாயுவை விடும் எத்ரல் மருந்தைத் தெளித்துப் பூக்க வைக்கிறார்களே, அதே வித்தை இங்கேயும் பலிக்கும். அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் குடில்களுக்குள் புகை பட்ட அன்னாசி சீக்கிரம் பூத்ததைக் கண்டுதான் இந்த வழக்கம் அங்கே பிடித்தது, புகையில் இருக்கும் எத்திலீன்தான் காரணம். வீட்டில் முதிர்ந்த செடியின் நடுக்குழியில் இருக்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அதே எத்திலீனை விடும் பழுத்த ஆப்பிளோடு ஒரு வாரம் பிளாஸ்டிக் பைக்குள் நேர்வெயில் படாமல் கட்டி வைத்தாலே வேலை நடக்கும். இளஞ்செடியை அவசரப்படுத்தினால் கதிர் சோனியாக வரும்.

இனி கழிப்பது. பெற்றோர் இரண்டும் காட்டு இனங்கள் என்றால் முதல் தலைமுறைக் கன்றுகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஏற்கெனவே கலப்பினமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு விதம், ஆசை அங்கேதான் பெருகும். பசுமைக்குடிலில் அழகாக நிற்கிற செடி எதையும் அங்கேயே வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கதிர் விட்டதும் நீங்கள் உட்காரும் அறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, மாதக்கணக்கில் விட்டுப் பாருங்கள். செதில் நுனி சீக்கிரம் கருகுகிறதா, தண்டு சாய்கிறதா, இலை விரிந்து மேசையையே அடைக்கிறதா? அதெல்லாம் கழிந்துவிட வேண்டும். மிக அழகான நிறம் என்றாலும் மூன்று வாரத்தில் மங்கினால் அது வீட்டுச் செடி இல்லை, இதில் இரக்கமே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தேறியது ஒன்றோ இரண்டோதான். தாய்ச்செடி பூத்தபின் மெல்ல மடியும், அடியில் பக்கக் கன்று விடும். அந்தக் கன்றும் வளர்ந்து அதே நிறத்தில், அதே உயரத்தில் பூத்த பிறகு பெயர் வையுங்கள். புரோமெலியாட் வகைப் பெயர்களைப் பதியும் சர்வதேச அமைப்பு 1950-ல் தொடங்கிய புரோமெலியாட் சொசைட்டி இன்டர்நேஷனல். அங்கே பதிவது பெயருக்குத்தான், விற்பனை உரிமைக்கு அல்ல. உரிமை வேண்டுமென்றால் இந்தியாவில் அது 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தனி வேலை. பதியும்போது பெற்றோர் பெயர் கேட்பார்கள், அதற்காகத்தான் அந்த அட்டையை அழியாத மையில் எழுதச் சொல்கிறேன், பென்சில்கூடப் பரவாயில்லை, சாதாரணப் பேனா வேண்டாம்.