வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டோ, ஸ்கிரீனில் பார்க்கும் நிறத்திலேயே வர என்ன செய்யலாம்?

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் ஒன்றை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டேன். அம்மா கட்டியிருந்தது அரக்குப் பட்டு. தாளில் அது மெஜந்தா ஏறி ரோஸாக வந்தது. முகங்களும் இருண்டு போயிருந்தன. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முகம் இருண்டதற்குக் காரணம் என் மானிட்டர். ஸ்கிரீன் தானே ஒளி விடுகிறது, தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. முழு பிரைட்னஸில் வைத்துப் படத்தைத் திருத்தினால், தாளில் இருட்டாகத்தான் வரும். போட்டோ வேலைக்கு 80 முதல் 120 நிட் (ஸ்கிரீன் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போதும். அளக்கக் கருவி இல்லையா? பகல் வெளிச்சம் வரும் அறையில் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஸ்கிரீனிலும் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். மானிட்டர் செட்டிங்கில் கலர் டெம்பரேச்சர், அதாவது வெள்ளையின் சாயல், 6500 கெல்வினில் இருக்கட்டும். ராத்திரியில் ஸ்கிரீனை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதியை மறக்காமல் அணையுங்கள்.

மெஜந்தா ஏறியது வேறு கதை. தாளுக்கு ஏற்ப நிறத்தை மாற்றும் வேலையை ஃபோட்டோஷாப்பும் செய்தது, பிரிண்டர் டிரைவரும் (கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) செய்தது. யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பிடம் விட்டால், டிரைவரில் கலர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்துவிடுங்கள். தாளுக்குரிய ஐசிசி ப்ரொஃபைலையும், அதாவது அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பையும், ஃபோட்டோஷாப்பில் தேர்ந்தெடுங்கள். டிரைவரிடமே விடுவதென்றால் படம் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில் இருப்பது நல்லது.

ஒரு ப்ரொஃபைல் ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு தாள் சேர்ந்த கூட்டுக்குத்தான் பொருந்தும். வேறு கம்பெனி மையை ஊற்றிவிட்டால் பிரிண்டர் கம்பெனி கொடுத்த ப்ரொஃபைலை நம்ப முடியாது. டிரைவரில் தாளின் வகையையும் சரியாகக் கொடுங்கள். எவ்வளவு மை தெளிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் பிரிண்டர் முடிவு செய்கிறது. க்ளாஸி தாளை வைத்துவிட்டு ‘ப்ளெயின் பேப்பர்’ என்றே விட்டால் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை.

தாளில் விழுந்த நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவி கிடைத்தால், ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு சொந்தமாகவே ப்ரொஃபைல் செய்யலாம். வருடத்துக்குப் பத்துப் படம் போடுகிறவர் அந்தக் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

இதற்கெல்லாம் முன்னால் நாசில் செக் ஒன்று எடுத்துவிடுங்கள். மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் கோடுகளைப் பிரிண்டர் போட்டுத் தரும். சயான் (நீல மை) கோடு ஒன்று விட்டுப் போயிருந்தாலும் தோல் நிறம் சிவந்துவிடும். பிறகு கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் பட்டை ஒன்றைச் சின்னத் தாளில் போட்டுப் பாருங்கள். நிறப் பிசகு முதலில் அங்கேதான் கண்ணில் படும். மை காய ஒரு நாள் விட்டு, பகலில் ஜன்னலோரம் வைத்துத் தீர்மானியுங்கள். ராத்திரி எல்இடி வெளிச்சத்தில் வேண்டாம்.

மூன்றாவது பிரிண்ட்டை அந்தச் சேலைக்குப் பக்கத்திலேயே ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். அரக்கு அரக்காகவே வந்திருந்தது. ஜரிகை மட்டும் மஞ்சளாக நின்றது. அந்த மினுமினுப்பு இந்த நான்கு மைகளில் வராது.