டோக்கியோவில் கிளைம்பிங் ஜிம்முக்கு முதல் தடவை போகிறேன், தனியாகப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். அங்கே பெரும்பாலானவை போல்டரிங் ஜிம்கள்தான். சுவர் நாலு மீட்டர் சுமாருக்கு இருக்கும், கயிறே கிடையாது, கீழே கனமான மெத்தை, அதனால் கயிறு பிடிக்க ஆள் தேட வேண்டாம். ஷூவும், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடரும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஷூ விரலை இறுக்கும், அது அப்படித்தான். முதல் தடவை என்றால் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பல இடங்களில் பதிவுக் கட்டணமும் தனி. ஒரே ஒரு நாள் ஏறப் போகிறவருக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

நம்மைக் குழப்புவது 'கியூ' கணக்கு, அதாவது சுவரில் ஒவ்வொரு வழியும் எவ்வளவு கஷ்டம் என்று காட்டும் எண். எண் குறையக் குறையக் கஷ்டம் கூடும், 1 கியூவைத் தாண்டினால் இன்னும் கஷ்டமான 'டான்' நிலை. நான் இது தெரியாமல் 3 என்றால் சுலபம்தானே என்று போய்த் தொங்கினேன், அடுத்த பிடியைத் தொடக்கூட முடியவில்லை, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அதையே அணில் மாதிரி ஏறிப் போனான்! நீங்கள் 8, 9 என்று ஆரம்பியுங்கள். 'எஸ்' என்று எழுதிய பிடியில் இரண்டு கையும் வைத்துத் தொடங்கி, அந்த வழிக்கான டேப் ஒட்டிய பிடிகளை மட்டும் பிடித்து, 'ஜி' பிடியை இரண்டு கையாலும் பிடித்தால் முடிந்தது. அப்புறம், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், மெத்தையில் உட்கார்ந்து செல்போன் பார்க்காதீர்கள், மேலே இருந்து யாராவது விழுவார்கள்.