செங்கோட்டை அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, சின்ன வயசில் முழுப்பரீட்சை எப்போது முடியும் என்று காத்துக் கிடந்தோம். இப்போது பங்குனி பிறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கோடைச் சந்தோஷம் எங்கே போயிற்று?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: எங்கும் போகவில்லை தங்கச்சி. வெயில் அன்றைக்கும் சுட்டதுதான். நமக்குப் பதிலாக அம்மாவும் ஆச்சியும் அடுப்படியில் நின்று அதை வாங்கிக்கொண்டார்கள்.

1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்றைக்குச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். சம்பந்தம் கலந்த வீடுகள் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. எனக்குப் புனலூரில் மாமா வீடு. கேரளத்தில் பள்ளிக்கூடங்களுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதமும் லீவு. மாமா பிள்ளைகள் வந்து எங்கள் வீட்டுத் தார்சாவில் பல்லாங்குழி ஆடுவார்கள்; நான் மூலையில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சைக்குப் படிப்பேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

மாமா வந்தால் கூடவே ஒரு சாக்கில் சக்கைப்பழமும் (பலாப்பழந்தான்) வரும். 1904-ல் திறந்த மீட்டர்கேஜ் பாதையில் ரயிலேறித்தான் வருவார். பெட்டி முழுக்கப் பழ வாசம் என்று மாமாவே பெருமையாகச் சொல்வார். ஆச்சி பழைய பேப்பரை விரித்து, கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாள். எண்ணெய் தடவாமல் கையை வைத்தால் பிசின் விரலிடுக்கில் ஏறிக்கொள்ளும், சோப்புக்கெல்லாம் அசையாது. கொட்டையைத் தூர எறிந்தால் திட்டு விழும். அதைக் கழுவி, காயவைத்து, முருங்கைக்காயோடு புளிக்குழம்பில் போடுவாள். நாங்கள் சுளைக்கு அடித்துக்கொண்டோம். இப்போது கேட்டால் அந்தக் குழம்புக்குத்தான் என் ஓட்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நமக்கு இல்லாத ஒரு கோடைச் சந்தோஷம் இன்றைக்கு இருக்கிறது. மே கடைசியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பும். மலை முகட்டில் மேகம் இறங்கும், லேசாகச் சாரல் விழும். பையனாக இருந்தபோது அது எனக்குத் துக்கச் செய்தி. சாரல் தொட்டதும் புனலூர்ப் பிள்ளைகள் மூட்டை கட்டுவார்கள், ஜூன் பிறந்ததும் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். பின்னாலேயே எங்களுக்கும். அதே காற்றுக்காக இன்று சாயங்காலமானால் மொட்டைமாடியில் சட்டையில்லாமல் நிற்கிறேன். கரண்ட் பில் குறையும் என்கிற ஆனந்தமும் அதில் சேர்த்தி, மறைப்பானேன்! உங்கள் ஊருக்கும் அந்தக் காற்று வரத்தானே செய்கிறது? மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: காலையில் தித்திக்கும் பதநீர் மத்தியானம் புளிப்பது ஏன்?
– வாசகர், சுரண்டை

பதில்: கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். புளிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஆனால் வெயில் ஏற ஏற அதன் பிடி தளர்ந்துவிடும். காலையிலேயே ஓலைப்பட்டையில் வாங்கிக் குடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தரச் சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கேள்வி: பேரப்பிள்ளைகளோடு மே மாதம் குற்றாலம் வரலாம் என்றிருக்கிறோம். தண்ணீர் விழுமா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: கோடை மழை பெய்திருந்தால் விழும். இல்லாவிட்டால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சீசன் ஜூனில்தான் தொடங்கும். மே மாதமே வருவதென்றால் செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் பகல் ரயிலில் போய் வாருங்கள். பழைய பாதையை 2010-ல் மூடி, அகலமாக்கி, 2018-ல் முழுவதுமாகத் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் மலையைக் குடைந்த குகை, அப்புறம் கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலம். குகைக்குள் கத்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஜன்னலோரத்தை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடாதீர்கள், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.