கறை போகுமா, அக்கா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் சலவை நிலையம் நடத்தும் சகோதரி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அக்கா, ஏத்தன் வாழைக்குலை வெட்டிய அன்று என் கணவரின் வெள்ளை வேட்டியில் வாழைக்கறை பட்டுவிட்டது. உடனே சோப்புப் போட்டுத் தேய்த்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் முன்பைவிடக் கறுத்திருக்கிறது. கசவுக்கரை (சரிகைக் கரை) போட்ட வேட்டி, தூக்கிப்போட மனம் வரவில்லை.
- வாசகி, திருவட்டாறு

பதில்: தூக்கிப்போடாதீர்கள் அம்மா. நம் மாவட்டத்தில் வாழைக்கறை படாத வீடு ஏது? கடைக்கு வரும் வேட்டியை விரித்ததும் நான் முதலில் தேடுவதே அதைத்தான். வெட்டிய இடத்திலிருந்து சொட்டும்போது வெறும் தண்ணீர்போலத்தான் இருக்கும். அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது, பிறகு கறுக்கிறது. சோப்பின் காரம் அதை இன்னும் விரைவாக்குகிறது. கிணற்று நீரில் இரும்புச்சத்து இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடுக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுதும் மையே காய்ச்சினார்கள்.

ஆகவே ஈரம் காயாத வாழைக்கறைக்குச் சோப்பு ஆகாது. நல்ல தண்ணீரில் அலசுங்கள். எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, கறையின் மேல் பிழிந்து, வெட்டிய முகத்தாலேயே மெதுவாகத் தேயுங்கள். கால் மணி நேரம் விட்டு அலசி, மறுபடி பிழியுங்கள். கறையின் ஓரம் முதலில் வெளுக்கும், நடு கடைசியில்தான் இளகும். நிறம் போன பிறகு சோப்புக்கு வாருங்கள்.

உங்கள் வேட்டியில் கறை முற்றிவிட்டது. வெள்ளைப் பருத்தி என்பதால் குளோரின் பிளீச் தாங்கும். 5 லிட்டர் குளிர்ந்த நீரில் 50 மில்லி பிளீச் கலந்து, கறை பட்ட இடத்தை மட்டும் பிடித்து முக்குங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கசவுக்கரை அந்தத் தண்ணீரில் படவே கூடாது, சரிகை கறுத்துவிடும். பட்டுத் துணிக்குப் பிளீச்சைக் காட்டவே வேண்டாம், நூலையே தின்றுவிடும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: எலுமிச்சையோ வினிகரோ போட்ட துணியை நன்றாக அலசாமல் பிளீச்சில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்வது உயிருக்கே ஆபத்து.

வண்ணத் துணி என்றால் குளோரின் வேண்டாம். சோடியம் பெர்கார்பனேட் கலந்த சலவைத் தூள் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு முன் மடிப்புத் தையலின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அக்கா, நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். சட்டையில் பால் தெறித்துக் காய்ந்துவிட்டது. வாழைக்கறைபோல எலுமிச்சை தேய்த்தால் போகுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: தேய்க்கவே தேய்க்காதீர்கள் தம்பி. ரப்பர் ஷீட் அடிக்கும்போது தட்டில் பாலை உறையவைக்க நீங்களே ஆசிட் ஊற்றுகிறீர்கள் அல்லவா? எலுமிச்சையும் புளிப்புத்தான். ஈரப்பாலில் பிழிந்தால் சட்டை நூலுக்குள்ளேயே ரப்பர் உறைந்துவிடும். பால் தெறித்தவுடன் தோட்டத்திலேயே பச்சைத்தண்ணீரில் அலசிவிடுங்கள். அந்த நேரத்தில் போவதுபோல் பிறகு எதிலும் போகாது.

காய்ந்ததற்கு ஐஸ் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஐஸைப் போட்டுக் கறைமேல் அழுத்தினால் ரப்பர் விறைக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் உரிவதுபோல் உரிந்து வரும். மிச்சத்தை, பெயின்ட் கரைக்கும் மினரல் டர்பன்டைன் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். இதை முற்றத்தில் வைத்துச் செய்ய வேண்டும், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வாடை முழுக்கப் போகும்வரை வெளியில் உலர்த்தாமல் வாஷிங் மெஷினில் போடவே போடாதீர்கள். சூடான இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், ரப்பர் இளகி இன்னும் உள்ளே இறங்கும். தடித்த பருத்தியில் பல நாள் ஊறிய பால் முழுதாகப் போகாது. பால் வெட்டுக்கென்று ஒரு சட்டையை ஒதுக்கிவையுங்கள், நல்ல சட்டை பிழைக்கும்.

கேள்வி: கோயிலுக்கு உடுத்திப்போகும் வெள்ளைச் சேலையில் மீன் குழம்பு சிந்தியது. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகிவிட்டது. பயந்துபோனேன்.
- வாசகி, குளச்சல்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சள் காரத்தில் சிவக்கும்; மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் அப்படித்தான். நிறையத் தண்ணீரில் அலசினால் மறுபடி மஞ்சளாகும். குழம்பில் தேங்காயின் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொட்டுத் தேய்த்து எண்ணெயை எடுங்கள். பிறகு நல்ல வெயிலில், கறை மேலே தெரியும்படி விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது.

கேள்வி: மழைக்காலத்தில் குழந்தைகளின் பள்ளிச் சீருடையில் கரும்பன் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் நம்முடையது, கரும்பனுக்குக் கொண்டாட்டம். அது ஒரு பூஞ்சை. ஈரமும் உணவும் இருந்தால் வளரும். மழை மாதங்களில் துணிக்குக் கஞ்சி போடுவதை நிறுத்துங்கள், கஞ்சிதான் அதற்குச் சோறு. நனைந்துவந்த சீருடையைக் கூடையில் சுருட்டிப் போடாமல் அன்றே துவைத்து, மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டி உலர்த்துங்கள். அரைகுறை ஈரத்தில் மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். வந்துவிட்ட புள்ளிகளை வெளியில் வைத்து உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு மேலே சொன்ன பிளீச் கரைசல், நிறச் சீருடைக்குப் பெர்கார்பனேட். முற்றிய கரும்பன் நூலையே அரித்திருக்கும். அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் கிழிந்துவிடும்.