பொத்தான் அளவு பேட்டரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 78 வயது. அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் இன்னும் இளைத்து, பேச்சு குறைந்து தெரிகிறார். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்கிறார். அண்ணன் கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதுகூட இல்லை. இதைக் கொடுமை என்று சொல்லலாமா? இல்லை, வயதானவர்களின் தொட்டாற்சிணுங்கித்தனமா? இந்தத் தலைமுறைக்கே பாசம் வற்றிவிட்டதோ?

ர.

அன்புள்ள ர.,

தலைமுறைப் புலம்பலை விடுங்கள். உங்கள் தாத்தாவும் அதைச் சொல்லியிருப்பார்.

தொட்டாற்சிணுங்கி என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கடிதம் முழுக்க அண்ணன் என்னவெல்லாம் செய்யவில்லை என்றுதான் இருக்கிறது. அம்மா ஒரு நாளில் யாரோடு பேசுகிறார் என்று ஒரு வரி இல்லை.

2002இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உலக சுகாதார நிறுவனம் எட்டு நாடுகளில் முதியவர்களையே உட்காரவைத்து, எதைக் கொடுமை என்கிறீர்கள் என்று கேட்டது. அவர்கள் அடி உதையோடு நிறுத்தவில்லை. கண்டுகொள்ளாமல் விடுவது, மரியாதையில்லாமல் நடத்துவது, தன் காரியத்தைத் தானே முடிவுசெய்ய விடாதது எல்லாவற்றையும் அதே கணக்கில் வைத்தார்கள். ஆனால் வெளியே சொல்வது அபூர்வம். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. சொல்லிவிட்டு ராத்திரி அதே வீட்டில்தானே படுக்க வேண்டும்?

நானும் அப்பாவை 'நல்லாத்தான்' பார்த்துக்கொண்டேன். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, வெளுத்த வேட்டி. அவருடைய காதுக் கருவியின் பேட்டரி மட்டும் தீர்ந்துபோய்க் கிடந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். "நாளைக்கு வாங்கறேன்பா" என்பேன். இப்படியே இரண்டு மாதம். வீட்டில் யாராவது சிரித்தால் அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்.

மருத்துவர் அவரைப் பார்த்து, "தூக்கம் எப்படி?" என்று கேட்பார். பதில் நான் சொல்வேன். பசி? நான். வலி? அதுவும் நானே. அப்பா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்த மருத்துவர் கேள்வியைத் தாளில் எழுதி அவரிடமே நீட்டினார். அப்பா நிதானமாகக் கண்ணாடியை மாட்டி, படித்து, கீழே எழுதினார்: "இவனைக் கேளுங்க. எல்லாம் இவனுக்குத்தான் தெரியும்."

அன்று மாலையே ஓர் அட்டை வாங்கினேன். ஆறு பேட்டரி. அவர் போன பிறகு மேஜை இழுப்பறையில் நாலு மிச்சம் இருந்தது.

எங்கேயோ போய்விட்டேன். சரி, உங்கள் அம்மா இளைத்துக்கொண்டே வருகிறார் என்கிறீர்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது அப்புறம். முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அண்ணன் வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள். உள்ளே போனதும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.